உவரி அலைக்கு நின்னு ஓட்டுற ஜெட் ஸ்கி: எதை முதல்ல மாத்தணும்?

கச்சான்காத்து

வண்டி யமஹா சூப்பர்ஜெட், 701 சிசி டூ ஸ்ட்ரோக், 2008-ல் மாறின ஹல் (வண்டியோட அடி உடம்பு). எஞ்சின், பம்பு எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருக்கு. ஓட்டுற இடம் உவரி, கூடுதாழைக் கரை.

தட்டைத் தண்ணியில ஒரு குறையும் இல்லை. அலைக்குள்ள போனா நாலு தொந்தரவு. நுரையில மாட்டினா எஞ்சின் அலறுது, வண்டி நகரமாட்டேங்குது. அலைமேல ஏறி விழும்போது கால், நிக்கிற டிரேயை விட்டு எழும்பிருது. இறங்கும்போது மூக்கு குத்துது. அரைமணி நேரத்துல உள்ளே ஒரு வாளி தண்ணி சேருது.

ஹெட்டும் எக்ஸாஸ்ட்டும் மாத்தி பவரைக் கூட்டிட்டு மத்ததைப் பாக்கலாமா? ஒரு நேரத்துல ஒரு வேலைக்குத்தான் காசு.

திசையன்விளை ஸ்பேனர்

எஞ்சினை இப்போ தொடாதீங்க. முதல் வேலை காசில்லாத வேலை: வண்டியை எடை போடுங்க. பெட்ரோலை முழுசா வடிச்சு, டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு ராத்திரி சாய்ச்சு வச்சு, மறுநாள் தொங்கு தராசுல மாட்டுங்க. இந்த மாடலோட உலர் எடை சுமார் 139 கிலோ. பேட்டரி, மேட், ஒட்டுவேலைன்னு ஆறேழு கிலோ தள்ளிக்கோங்க. அதுக்கும் மேல பத்து கிலோ காட்டினா மூக்குலயும் டிரேக்கு அடியிலயும் இருக்கிற மிதவை ஃபோம் தண்ணி குடிச்சிருக்கு. பழைய வண்டிகள்ல சர்வசாதாரணம். மூக்கு குத்துறதுக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

சீறும்சுழல்

எடை எல்லாம் ரெண்டாம் பட்சம் சார். அலையைத் தாண்டணும்னா பவர் வேணும். நம்ம வள்ளத்துக்கே 9.9 குதிரை போதாதுன்னு பெருசு மாட்டுறாங்க. இதுக்கு மட்டும் வேண்டாமா?

திசையன்விளை ஸ்பேனர்

வள்ளத்துல புரொப்பெல்லர் ஆழத்துல, திறந்த தண்ணியில சுத்துது. இது குழாய்க்குள்ள சுத்துறது. உடைஞ்ச அலையோட நுரையில பாதி காத்துதான். குழாய்க்குள்ள காத்து வந்துட்டா இம்பெல்லருக்கு (உள்ளே சுத்துற இறக்கைச் சக்கரம்) பிடி கிடையாது. நீங்க கூட்டுற குதிரை அந்தப் பிடியில்லாத சுத்தை இன்னும் வேகமாச் சுத்தும், அவ்வளவுதான். ரெவ் எகிறி திரும்பத் தண்ணி பிடிக்கிற அடியில, எஞ்சினையும் பம்பு ஷாஃப்ட்டையும் சேர்க்கிற கப்ளர் ரப்பர் நொறுங்கும்.

பம்பு வேலையை இந்த வரிசையில செய்யுங்க.

வேர் ரிங் (இம்பெல்லரைச் சுத்தியிருக்கிற வளையம்) இடைவெளி. பம்பைக் கழட்டி, இறக்கை நுனிக்கும் ரிங்குக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டு நாலு இடத்துல அளங்க. 0.6 மில்லிக்கு மேல போச்சுன்னா ரிங் மாத்தணும். இந்தக் கரையில இது சீக்கிரம் தேயும். உவரிப் பக்கத்து மணல்ல சிவப்பும் கறுப்பும் வரிவரியா தெரியுதே, அந்தச் சிவப்பு கார்னெட். தண்ணியைப் பீச்சி இரும்புத் தகடு வெட்டுற மிஷின்ல அரம் மாதிரி கலந்துவிடுறது இதே மணலைத்தான். முழங்கால் தண்ணியில ஸ்டார்ட் பண்ணி த்ராட்டிலை இழுத்தா அதைத்தான் பம்புக்கு ஊட்டுறீங்க. இடுப்பளவு ஆழம் வர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க.

இம்பெல்லரைக் கழட்டும்போது கவனம்: யமஹாவுல இடது மரை. வழக்கமான பழக்கத்துல திருகினா இன்னும் இறுகும். விளிம்புல கல் பட்டு மடங்கியிருந்தா உருட்டு அரத்தால மெதுவாத் தேய்ச்சு நேராக்குங்க. ஒரு நெல்லு அளவு மடிப்பு இருந்தாலும் தண்ணி அங்கே பிரிஞ்சு குமிழி கிளம்பும்.

சீல். பம்பு ஷூ (பம்புக்குத் தண்ணி வர்ற வழியில இருக்கிற பாகம்) ஹல்லோட சேர்ற இடத்துல பழைய சீலன்ட் வெடிச்சிருக்கும், அது வழியாக் காத்து உறிஞ்சும். முழுசாச் சுரண்டி, அசிட்டோன்ல துடைச்சு, மரைன் பாலியூரத்தேன் சீலன்ட் போடுங்க. பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். புளிச்ச வாடை அடிக்கிற அந்த வகை உலோகத்தை அரிக்கும். பட்டை போட்டு ஒரு முழுநாள் தொடாம விடணும்.

அப்புறம்தான் புதுச் சாமான். டாப் லோடர் இன்டேக் கிரேட் (தண்ணி உள்ளே போற வாயில மாட்டுற கம்பிச் சட்டம்) ஒண்ணு, பிட்ச் (இறக்கையோட சாய்வு) குறைஞ்ச இம்பெல்லர் ஒண்ணு. கிரேட்டோட நடு இறக்கை தண்ணியை வாரி மேலே தள்ளும், வண்டி குதிச்சு இறங்கினதும் பிடி கிடைக்கும். இம்பெல்லர், மாத்தாத 701-க்கு 9/15 அல்லது 9/17.

சீறும்சுழல்

9/15 போட்டா டாப் ஸ்பீடு போயிரும்.

திசையன்விளை ஸ்பேனர்

போகும். ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை மீட்டர் கிடைக்குது, அதுல டாப் ஸ்பீடு எங்கே எடுக்கப்போறீங்க? நின்ன இடத்துலருந்து முதல் ரெண்டு நொடியில வண்டி எவ்வளவு தூரம் பாயுதுன்னுதான் பாக்கணும். மாத்தினதும் டேக்கோமீட்டர் மாட்டி, தட்டைத் தண்ணியில முழு த்ராட்டில்ல ரெவ் குறிச்சு வையுங்க. ரெவ் லிமிட்டர்ல போய் முட்டினா பிட்ச் ரொம்பக் குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

கச்சான்காத்து

தராசுல 161 கிலோ. சாய்ச்சு வச்சதுல டிரேக்கு அடியிலருந்து மறுநாளும் சொட்டிச்சு.

பைபர் பட்டறை

அப்போ ஃபோம் ஊறியாச்சு தம்பி. சந்தேகமே வேண்டாம்.

பின்பக்கம் பம்புக்கு மேல இருக்கிற அறையில கம்பி விட்டுப் பாருங்க. ஈர ஃபோம் ஊறின ரொட்டி மாதிரி பிஞ்சு வரும். அதை முழுசாச் சுரண்டி எடுங்க. எடுத்துட்டு அப்படியே விட்டிராதீங்க. ஃபோம் இல்லாத வண்டி கவுந்தா கல்லு மாதிரி கீழே போவும். ரெண்டு பாகம் கலந்து ஊத்துற பாலியூரத்தேன் ஃபோம், மூடின கண் உள்ளது, கனமீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி. 30 லிட்டர் இடத்தை நிரப்பினா ஃபோம் எடை ஒரு கிலோதான், கடல்ல 29 கிலோவுக்கு மேல தாங்கும். ஒரே ஊத்தா ஊத்தக்கூடாது. உப்பி வர்ற வேகத்துல டிரே வளைஞ்சிரும், நடுவுல சூடேறிக் கருகும். கால்வாசி கால்வாசியா, சூடு அடங்க விட்டு ஊத்துங்க.

இனி ஃபுட்ஹோல்டு, அதாவது டிரேயில காலை நுழைச்சு நிக்கிற பிடி. கால் எழும்புததுக்கு வேற மருந்து கிடையாது. டிரே மேட்டை எவ்வளவு சொரசொரப்பா ஒட்டினாலும் வண்டி கீழே போவும்போது கால் மேலேதான் நிக்கும்.

முக்கியமா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. வள்ளம் கட்டுத பாலியஸ்டர் ரெசினை இதுல போடாதீங்க. நம்ம வள்ளம் அச்சுல கண்ணாடிநார் மேட் விரிச்சு கையால ரோலர் உருட்டுனது. இந்த ஹல் எஸ்எம்சி. ரெசினும் நாரும் கலந்த தகட்டைச் சூட்டுல அழுத்தி எடுத்தது. அச்சுல ஒட்டாம கழண்டு வரணும்னு ஒரு வழுக்குப் பொருளைத் தகட்டுக்குள்ளேயே கலந்திருப்பாங்க. பாலியஸ்டர் அதுமேல பிடிக்காது. அன்னைக்குக் கல்லு மாதிரி இருக்கும், நாலு தடவை குதிச்சா அப்பளமா உரிஞ்சு வரும். எபாக்சிதான் போடணும்.

எபாக்சின்னா நார் மேட்டும் மாறணும். சாதா மேட்டைக் கட்டியிருக்கிற பசை ஸ்டைரீன்ல கரையுதது. எபாக்சியில ஸ்டைரீன் கிடையாது, அதனால மேட் விறைச்சிக்கிட்டு வளைவுல படியாது. நெய்த துணி வாங்குங்க, 300 கிராம் துணி போதும். பயாக்சியல் (ரெண்டு திசையில நார் போற துணி) கிடைச்சா இன்னும் நல்லது.

அச்சு: போடுத ஷூவோட காலை தெர்மாகோல்ல வச்சு வரைஞ்சு, ரெண்டு பக்கமும் ஒரு சென்டி கூட்டி வெட்டுங்க. உயரம் மேல்பாதத்துக்கு மேல ஒரு விரல் இடைவெளி. பிரவுன் டேப்பைச் சுருக்கமில்லாம சுத்தி மெழுகு தடவுங்க. (பாலியஸ்டர் பட்டா தெர்மாகோல் கரைஞ்சு போவும், எபாக்சி ஒண்ணும் செய்யாது. இதுலயும் எபாக்சிதான் சௌகரியம்.) நாலு சுத்து துணி. காஞ்சதும் தெர்மாகோலைக் குடைஞ்சு எடுத்திருங்க.

ஆழம்தான் உயிர் போற விஷயம். மேல்பாதம் வரைக்கும்தான் உள்ளே போவணும். கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி செஞ்சா வண்டி கவுந்தப்போ கால் வெளியே வராது. குதிகாலைத் தூக்கினா வழுக்கிக்கிட்டு வந்துரணும்.

கச்சான்காத்து

எந்த இடத்துல ஒட்டணும்னு எப்படி முடிவு பண்ணுறது அண்ணாச்சி? வெளிநாட்டு வீடியோவுல ஆளுக்கு ஒரு அளவு சொல்றாங்க.

பைபர் பட்டறை

அவங்க உயரம் வேற, உங்க உயரம் வேற. டயர் மேல வண்டியை வச்சு, ஹேண்டில் மாட்டியிருக்கிற கம்பத்தைத் (போல்) தூக்கி, ஹேண்டிலைப் பிடிச்சு, ஷூவோட நில்லுங்க. முட்டி மடக்கி நாலு தடவை எம்பிக் குதிச்சு, கால் தானா எங்கே வந்து விழுதோ அங்கே சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க. ரெண்டு காலும் டிரேயோட பக்கச் சுவரை ஒட்டி நிக்கணும். பின்விளிம்புலருந்து ரெண்டு பக்க அளவையும் எழுதி வச்சிக்கிடுங்க. ஒட்டினப்புறம் அரை அங்குலம் மாத்தணும்னா கிரைண்டர்தான் எடுக்கணும்.

ஒட்டுத வேலை:

டிரே மேட்டை உரிச்சு, பழைய பசையைச் சுரண்டி, நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. உப்பு இருந்தா பிடிக்காது. காஞ்சதும் 40 நம்பர் தாள்ல பளபளப்பு முழுசா சாகுத வரைக்கும் தேய்க்கணும். ஈரம் வத்தினப்புறம் அசிட்டோன், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி. அதே துணியால திரும்பத் துடைச்சா அழுக்கை இழுத்துப் பூசுத கதைதான்.

எல்ஒய் 556 ரெசின்னா எச்ஒய் 951 ஹார்டனர், 100 கிராமுக்கு 10 கிராம். சமையல் டிஜிட்டல் தராசு போதும், கண் மதிப்பு ஆகாது. பாலியஸ்டர்ல ஹார்டனர் கூடினா சீக்கிரம் இறுகும், குறைஞ்சா லேட்டாவும். எபாக்சியில ரெண்டு பக்கம் தப்பினாலும் ரப்பர் மாதிரியே நின்னுரும், எத்தனை நாள் வெயில்ல வச்சாலும் தேறாது.

கணக்கு: ரெண்டு ஃபுட்ஹோல்டுக்கும் ஒட்டுக்கும் சேத்து ஒண்ணரை சதுரமீட்டர் துணி, அரைக் கிலோ எடை. அதே எடை ரெசின் குடிக்கும். மூலை நிரப்ப 200 கிராம், சிந்துனது சிதறுனது போவ மொத்தம் 800 கிராம் கலவை. ஒரே டப்பாவுல கலக்காதீங்க. நம்ம மே மாச வெயில்ல 200 கிராமுக்கு மேல கலந்தா டப்பாவுலேயே புகைஞ்சு கெட்டியாவும். பத்து டிகிரி கூடினா வேலைநேரம் பாதியாவும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு, அகலத் தட்டுல ஊத்தி வேலை பாருங்க.

சிலிக்காத் தூள் கலந்து பற்பசைப் பதத்துல மூலையை நிரப்பி, பத்து மில்லி வளைவா விரலால இழுங்க. அது ஒட்டுத பதத்துல இருக்கும்போதே மூணு சுத்து துணி: முதல் பட்டை 5 சென்டி, அடுத்தது 7, மேல 9. கூரான மூலையில துணியை மடக்கினா உள்ளே காத்து நிக்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும். கொண்டல் அடிக்கிற ஈரக்காலத்துல செஞ்சா மறுநாள் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தண்ணியும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவாம அடுத்த சுத்தைப் போடாதீங்க.

அடியில 20 மில்லி ஓட்டை ஒண்ணு, தண்ணி வடிய. ஒரு வாரம் கழிச்சுக் கடல்ல இறக்குங்க.

சீறும்சுழல்

எபாக்சி கிடைக்கலைன்னா பட்டறை ரெசின்ல கோபால்ட் கொஞ்சம் கூடப் போட்டு முடிச்சிரலாமே?

பைபர் பட்டறை

கோபால்ட்டைக் கூட்டினா இறுகுத வேகம் கூடும், ஒட்டுத பலம் கூடாது. அதோட, இதை வாசிக்கிற புதுப் பையன்களுக்குச் சொல்லி வைக்கேன்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலந்திராதீங்க, தீப்பிடிச்சு வெடிக்கும். ஒண்ணை ரெசின்ல நல்லாக் கலக்கின பிறகுதான் இன்னொண்ணு.

மணப்பாடு மேலலை

மூக்கு குத்துறதுக்கு: ஊறின ஃபோமை எடுத்ததும் ரைடு பிளேட்டை (பம்புக்கு அடியில இருக்கிற தகடு) பாருங்க. நீளமான பிளேட் வேகத்துக்குச் செஞ்சது, பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்கும். அலைக்கு கம்பெனி நீளமோ அதைவிடக் குட்டையோ போதும். பிளேட்டோட பின்நுனி கீழே சாஞ்சிருந்தாலும் அதே கதை. வாஷர் வச்சு ஒரு ஒரு மில்லியா சரிபண்ணி ஓட்டிப் பாத்துக்கலாம்.

ஹேண்டில் போலுக்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டா அலை ஏறும்போது போல் லேசுல கீழே விழாது. குட்டைப் போல் நல்லா இருக்கும்தான், ஆனா அது கடைசி. உயரமான ஆளுக்கு முதுகு போயிரும்.

பைபர் பட்டறை

தண்ணி ஏறுறதைச் சொல்லவே இல்லையே யாரும்.

திசையன்விளை ஸ்பேனர்

வர்றேன். ரெண்டு சோதனை. ஹூட்டைக் கழட்டி வச்சு, பொழியிலயோ குளத்துலயோ அசையாத தண்ணியில வண்டியை இருபது நிமிஷம் மிதக்க விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. நின்ன நிலையில ஏறினா ஓட்டை கீழே: டிரைவ்ஷாஃப்ட் சீல், கூலிங் ஹோஸ் கிளிப், ஸ்டியரிங் கேபிள் நுழையிற ரப்பர். ஏறலைன்னா ஹூட்தான். ஹல் விளிம்பு முழுக்க சாக்பீஸைத் தேய்ச்சு ஹூட்டை மூடித் திறங்க. ரப்பர்ல வெள்ளைக்கோடு விட்டுப்போன இடத்துலதான் தண்ணி வருது.

கம்பெனி பில்ஜ் (உள்ளே சேர்ற தண்ணியை வெளியேத்துற ஏற்பாடு), ஜெட் ஓடினாத்தான் உறிஞ்சும். அலைக்குள்ள எஞ்சின் நின்ன நேரத்துலதான் பில்ஜ் வேணும், அப்போ அது வேலை செய்யாது. மணிக்கு 500 கேலன் மின்பம்பு ஒண்ணு, எஞ்சினுக்குப் பின்னாடி ஆழமான இடத்துல வையுங்க. தனி 3 ஆம்ப் ஃபியூஸ். ஹோஸை ஹூட் உயரத்துக்கு மேலே தூக்கி வளைச்சு வெளியே விடணும். இல்லைன்னா அதே ஹோஸ் வழியாக் கடல் உள்ளே வரும். இணைப்புகள்ல பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. கறுப்பு டேப் உப்புக்காத்துக்கு ஒரு மாசம் தாங்காது.

கச்சான்காத்து

அப்படியும் எஞ்சின்ல தண்ணி போச்சுன்னா?

திசையன்விளை ஸ்பேனர்

ஸ்டார்ட்டரை அமுக்காதீங்க. சிலிண்டர்ல தண்ணி நிக்கும்போது பிஸ்டன் மேலே வந்தா கனெக்டிங் ராடு வளையும்.

கவுந்த வண்டியை, பின்னாடி ஸ்டிக்கர்ல காட்டியிருக்கிற திசையில மட்டும் புரட்டணும். எதிர்த்திசையில புரட்டினா எக்ஸாஸ்ட் தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கும். வள்ளத்துல கட்டி இழுத்து வரும்போது மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டாதீங்க. அதுக்கு மேல போனா பம்பு வழியா தண்ணி கூலிங் ஹோஸ்ல ஏறி எஞ்சினை நிரப்பும். வள்ளக்காரர் அவசரப்படுவார், அதனால ஹோஸைக் கிளிப் போட்டு நசுக்கிட்டு இழுக்கச் சொல்றதே நல்லது.

கரையில டிரெயின் பிளக் திறந்து, ரெண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, பிளக் ஒயரை எர்த்ல மாட்டுங்க. மாட்டாம கிராங்க் பண்ணினா பெட்ரோல் ஆவியில பொறி விழும். மூணு மூணு நொடியா சுத்தி தண்ணி நின்னதும், ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு மூடி டூ-டி ஆயில். டேங்க்ல கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்ல பாருங்க, தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும். புது பிளக் போட்டு அன்னைக்கே ஓடவச்சிரணும். உப்புத்தண்ணி பட்ட கிராங்க் பேரிங் மறுநாளைக்குக் காத்திருக்காது.

நல்ல தண்ணி ஃப்ளஷ்: எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் குழாயைத் திறக்கணும், குழாயை மூடிட்டுத்தான் எஞ்சினை நிறுத்தணும். மாத்திச் செஞ்சா நீங்களே தண்ணி ஊத்தி மூழ்கடிச்ச மாதிரி.

பெட்ரோல் பத்தி ஒரு வரி. லிட்டருக்கு 20 மில்லி, டிசிடபிள்யூ-3 ஆயில் (தண்ணியில குளிர்ற படகு எஞ்சினுக்கானது). பைக் ஆயில் காத்துல குளிர்ற எஞ்சினுக்கானது. இப்போ பங்க்ல வர்றது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது). எத்தனால் தண்ணியை இழுக்கும், கலவையையும் லீன் ஆக்கும் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது). பிளக் வெள்ளையா வந்தா கார்புரேட்டரோட மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்க. மிச்சத்தை டேங்க்லயே விட்டு வைக்காதீங்க. வள்ளத்து மண்ணெண்ணெயைக் கலக்கலாமான்னு யாரும் கேட்க வேண்டாம், பிஸ்டன்ல ஓட்டை விழும்.

மணப்பாடு மேலலை

வண்டி ரெடியானாலும் தூண்டில் வளைவை (கடலுக்குள்ள நீட்டிக் கல்லு போட்ட தடுப்பு) ஒட்டி ஓட்டாதீங்க. கல் ஓரமா தண்ணி கடலுக்குள்ள இழுக்கும், எஞ்சின் நின்னா கல்லுமேலதான் போய் நிப்பீங்க. இன்காயிஸ் (கடல் நிலையைச் சொல்ற மத்திய அரசு மையம்) கள்ளக்கடல் எச்சரிக்கை விட்ட நாள்ல, கரையில காத்தே இல்லைன்னாலும் இறங்கக்கூடாது. அந்த அலை தூரத்துலருந்து வர்றது, நீண்ட இடைவெளி விட்டு மொத்தமா வரும். பத்து நிமிஷம் கரையில நின்னு எண்ணினாலும் ஏமாத்தும்.

கரைவலை போட்டிருந்தா ரெண்டு கயிறும் கரைக்கு வர்ற இடத்தை விட்டு ரொம்பத் தள்ளி இறங்குங்க. கயிறு பம்புல சுத்தினா அவங்க பாடும் போச்சு, உங்க பாடும் போச்சு. சுத்திட்டா லேன்யார்டை (பிடுங்கினா எஞ்சின் நிக்கிற கயிறு) பிடுங்கி, பேட்டரி ஒயரைக் கழட்டி, வண்டியைக் கரையில ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கிரேட் வழியாக் கத்தி விட்டு அறுக்கணும். தண்ணியில வச்சே கையை விடுறது மகா முட்டாள்தனம்.

கச்சான்காத்து

அப்போ வரிசை இது: ஃபோம், பம்பு சீலும் வேர் ரிங்கும், ஃபுட்ஹோல்டு, பில்ஜ், கிரேட்டும் இம்பெல்லரும், ரைடு பிளேட். ஹெட் வேலை இல்லை.

பைபர் பட்டறை

பில்ஜை ஃபுட்ஹோல்டுக்கு முன்னாடி வைங்க தம்பி. கால் நிக்க ஆரம்பிச்சா இன்னும் பெரிய அலைக்குப் போவீங்கல்லா.